கொம்பேறி மூக்கன் இருக்கிறது, வேலியை வெட்டச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

தோப்புக்காரி:
பேராவூரணி பக்கம் எங்களுக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு இருக்கிறது. மேற்கு ஓரத்தில் அப்பா போட்ட கிளுவை வேலி, அதன்மேல் கோவைக்கொடி அடர்ந்து கிடக்கிறது. போன வாரம் தேங்காய் பறிக்க வந்தவர் பாதி மரத்தில் பாம்பைப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். ஒல்லியான பாம்பு, முதுகு நெடுக செம்பு நிறப் பட்டை. கொம்பேறி மூக்கன்தான் என்கிறார். கடித்தால் ஆள் பிழைக்காதாம், சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிகிற புகையைப் பார்த்துவிட்டுத்தான் போகுமாம். வேலியை அழித்துவிட்டுக் கம்பி போடச் சொல்கிறார்கள். பிள்ளைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலத்தெரு:
எங்கள் ஊரிலும் இதே பேச்சுதான். பாம்பு ஏறியது என்று ஒரு முருங்கை மரத்தையே வெட்டிப் போட்டார்கள். இதற்கு விஷம் உண்டா, இல்லையா?

பனங்காட்டான்:
தங்கச்சி, வேலியில் கை வைக்காதீர்கள். கொம்பேறி மூக்கனுக்கு விஷம் கிடையாது. இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கு எதிராகத் தயாரிக்கப்படுகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் அந்த நான்கிடமிருந்துதான் விஷம் எடுக்கிறார்கள். கொம்பேறி மூக்கனிடம் எடுப்பதற்கு எதுவும் இல்லை. சுடுகாட்டுக் கதையை நானும் சின்ன வயதிலிருந்து கேட்டுத்தான் வளர்ந்தேன். அந்தக் கதையால் அடிபட்டுச் செத்த பாம்புகளை நினைத்தால் மனசு பொறுக்கவில்லை.

நான் பனையும் வேலியுமாக வளர்ந்தவன், இதை நின்று பார்த்திருக்கிறேன். சுமார் ஒரு மீட்டர் நீளம், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வால். கண் பெரிது. வெயில் ஏறும்போது வேலியின் உச்சியில் வந்து கிடக்கும், அப்புறம் வேட்டை. ஓணான், பல்லி, தவளை, சில சமயம் குருவி முட்டை. வயிற்றுச் செதில்களின் இரண்டு ஓரத்திலும் வரம்பு போல ஒரு மடிப்பு இருக்கிறது. அதை மரப்பட்டையில் ஊன்றித்தான் நேர்மரத்திலும் ஏறுகிறது. துரத்தினால் கிளைக்குக் கிளை தாவும். தப்பிக்க வழியில்லை என்றால் கழுத்தை உப்பிக் காட்டும், அப்போது செதில்களுக்கு இடையில் வெளிர்நீலம் தெரியும். அவ்வளவு அழகான நீலம்! அதைப் பார்த்துத்தான் பலரும் மிரண்டு போகிறார்கள்.

முட்டையை மரப்பொந்தில் இடும், ஒரு தடவைக்கு ஆறு முதல் எட்டு வரை. உங்கள் வேலியில் கொடியும் ஓணானும் பொந்தும் இருப்பதால்தான் அது அங்கே இருக்கிறது. கம்பி வேலியில் அதற்கு என்ன வேலை? குருவிகளும் போய்விடும்.

பிள்ளைகளுக்காகப் பயப்பட வேண்டியது தரையில் இருப்பதற்கு. மட்டை, தேங்காய் மட்டைக் குவியல், விறகு இவற்றில் எலி சேரும், எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வரும். வேலியை வெட்ட வைத்திருக்கும் கூலியைக் கொடுத்து அந்தக் குவியலை அப்புறப்படுத்துங்கள். கையால் அள்ள வேண்டாம், கம்பால் கிளறிவிட்டு அள்ளச் சொல்லுங்கள்.

தோப்புக்காரி:
ரொம்ப நன்றி அண்ணே. கொட்டகைக்குப் பின்னால் அப்படி ஒரு குவியல் இருக்கத்தான் செய்கிறது. கொம்பேறி மூக்கன் ராத்திரியில் வீட்டுக்குள் வருமா?

பனங்காட்டான்:
இது பகலில் திரியும் பாம்பு, இருட்டினால் கிளையில் சுருண்டு படுத்துவிடும். ராத்திரி தரையில் வருவது வேறு, கட்டுவிரியனாக இருக்கலாம். தரையில் படுக்க வேண்டாம், கொசுவலையைப் படுக்கைக்கு அடியில் செருகுங்கள், வெளியே போனால் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாம்பு கடித்தாலும் என்ன பாம்பு என்று ஆராய்ந்துகொண்டு நிற்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தேங்காய் பறிப்பவரிடம், ஏறுவதற்கு முன் அரிவாளின் பின்பக்கத்தால் மரத்தை நாலு தட்டு தட்டச் சொல்லுங்கள். அதிர்வு பட்டால் அதுவே பக்கத்து மட்டைக்கு மாறிவிடும். அதைப் பிடிக்கவோ அடிக்கவோ வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.