‘கல் சே புகார்’: டில்லிக்கு மொழி படிக்க வந்த பிள்ளைகளும் நாமும்

முனிர்கா மாமி:
எங்கள் மாடியில் ஓர் உஸ்பெக் பெண் இருந்தாள். இந்தி படிக்க வந்தவள். அக்டோபர் மாதம், டெங்கு சீசன்தான் உங்களுக்குத் தெரியுமே, முகமெல்லாம் சிவந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். "கல் சே புகார்" என்றாள், நேற்றிலிருந்து காய்ச்சல் என்று இந்தியில். (டில்லிக்கு வந்த புதிதில், இவர்கள் யார் மேல் புகார் சொல்கிறார்கள் என்று நானும் விழித்திருக்கிறேன்.) நேற்றிலிருந்துதானே என்று டாக்டர் பாராசிட்டமால் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவள் எழுந்தபோது பையிலிருந்து மாத்திரைப் பட்டை விழுந்தது. 15 குழியில் 11 காலி. ஒரே நாளிலா? விரல் மடக்கிச் சொல்லச் சொன்னேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். இந்தியில் நேற்றும் கல், நாளையும் கல். அவளோ இன்று அல்லாத எல்லா நாளையும் கல் ஆக்கியிருந்தாள்! டெங்குவில் நாலாம் நாள், அஞ்சாம் நாள்தானே கண்டம். உடனே ரத்தம் எடுத்தார்கள். பிளேட்லெட் 60,000. அட்மிட். பிழைத்துவிட்டாள், ஆனால் அந்தப் பட்டை விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

கரோல்பாக்காரன்:
மாமி, கோபித்துக்கொள்ளாதீர்கள், வாடகைக்கு விட்ட அன்றே எல்லாம் எழுதி வாங்கியிருக்க வேண்டும். என் கதை சின்னது. பக்கத்து அறைக் கொரியப் பையன் மூன்று நாளாகக் கதவைத் திறக்கவில்லை, வாசலில் தயிர்சாதம் வைத்தேன், மறுநாள் தட்டைக் கழுவிக் கொடுத்தான். அவ்வளவுதான். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிப்பது சட்டம், 2025 வரை அந்தப் படிவத்துக்கு ஃபார்ம் சி என்று பெயர். கூடவே ரத்த வகை, ஒவ்வாமை, அம்மா அப்பா எண், தூதரக எண். இன்சூரன்ஸ் அட்டையை முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வைக்கவும், எந்த ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ் என்று முன்கூட்டியே கேட்கவும். டெங்கு சந்தேகம் இருந்தால் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் தொடவே கூடாது, ரத்தக்கசிவு வரும். அவசரத்துக்கு 112. மனசு சரியில்லையா, டெலி மானஸ் 14416, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

முனிர்கா மாமி:
தம்பி, ஃபார்ம் சி அன்றைக்கே போட்டாச்சு. அதில் காய்ச்சலுக்கு எந்தக் கட்டம் இருக்கிறது?

ஆர்.கே.புரம் வாத்தியார்:
14416 நல்ல ஏற்பாடு, 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழிலும் பேசலாம். ஆனால் மங்கோலிய மொழியில் அழுகிறவன் அங்கே என்ன சொல்லி அழுவான்?

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தி சொல்லிக்கொடுத்தேன். ஒரு நவம்பர், காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டி ஜன்னலெல்லாம் சாத்திக் கிடந்த வாரம். ‘மன் நஹீ லக்தா’ நடத்தினேன், நம் ஊரில் மனசு ஒட்டவில்லை என்போமே, அது. ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னேன். ஒரு மங்கோலியப் பையன் எழுதியிருந்தான்: அறையில் மனசு ஒட்டவில்லை. சாப்பாட்டில் ஒட்டவில்லை. வகுப்பில் ஒட்டவில்லை. தூங்குவதிலும் ஒட்டவில்லை. அம்மாவோடு பேசுவதிலும் ஒட்டவில்லை.

ஐந்து இடத்திலும் ‘நஹீ’ என்ற சொல்லின் மேல் இந்தியில் வைக்க வேண்டிய புள்ளியை வைக்காமல் விட்டிருந்தான். ஐந்தையும் சிவப்பு மையில் வைத்து, பத்துக்கு ஒன்பது போட்டுக் கொடுத்தேன். டிசம்பரில் பாதிப் படிப்போடு ஊருக்குப் போய்விட்டான்.