புதுப்பிப்பு: பிஎஃப் எடுத்த பணத்துக்கு வரி கேட்ட மென்பொருள் – தீர்ந்தது

இதைப் பற்றி முன்பு இங்கே கேட்டிருந்தேன்; உதவியவர்களுக்கு நன்றி. கடலூர் சிப்காட் வேலையை விட்ட தம்பி எடுத்த பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) தொகையை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் மென்பொருள் சம்பளத்தில் சேர்த்துக் கூடுதல் வரி கேட்டது. வருமான வரிச் சட்டம் 192ஏ பிரிவில் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) வேறு பிடித்திருந்தார்கள். மதிப்பீட்டு ஆண்டு 2025-26.

'பழைய கம்பெனி சர்வீசையும் கூட்டிப் பாருங்கள்' என்றவர் யோசனைதான் பலித்தது. பழைய பிஎஃப் இருப்பு புதிய கணக்குக்கு மாறியிருந்தால் இரண்டு சர்வீசும் சேரும். மொத்தம் ஐந்து வருடமானால் எடுத்த பணத்துக்கு வரி கிடையாது. அனெக்சர் கே தாளில் (பிஎஃப் கணக்கு மாறிய விவரம் காட்டும் தாள்) அந்த மாற்றம் பளிச்சென்று இருந்தது; இரண்டையும் கூட்டினால் ஐந்து வருடமும் ஆகியிருந்தது. அப்புறம் என்ன, தொகையைச் சம்பளத்திலிருந்து எடுத்து, விலக்கு பெற்ற வருமானத்தில் 10(12) பிரிவில் போட்டோம். டிடிஎஸ்ஸை மட்டும் தொடவில்லை. வரி பாக்கி போய் ரீஃபண்டே காட்டியது.

எதிர்பாராதது ஒன்று: 'டிடிஎஸ்ஸுக்கு ஈடான வருமானம் இல்லை' என்று எச்சரிக்கை வந்தது. தம்பி பயந்துவிட்டான். ஆனால் மேலே போக விட்டது, தாக்கலும் ஆனது. அனெக்சர் கே நகலை எடுத்து வைத்திருக்கிறோம், நோட்டீஸ் வந்தால் காட்ட.