இலை எண்ணெயா, பட்டை எண்ணெயா?

குழு: கோப்பாய் வீடு
சனிக்கிழமை

நான் (காலை 9:12): காலிக்குப் போனபோது வீதியோரக் கடையில் கறுவா எண்ணெய் 2 போத்தல் வாங்கினேன். ஒன்றை அண்ணாவிடம் கொடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். மற்றதை இன்றுதான் திறந்தேன். கறுவா வாசம் கொஞ்சந்தான் வருகிறது, பல் டொக்டரின் அறைக்குள் போன மாதிரி இருக்கிறது. மாமா, இது நல்லதுதானா?

காலி மாமா (9:20): போத்தலில் என்ன எழுதியிருக்கிறது பிள்ளை? இலையா, பட்டையா?

நான்: "கறுவா எண்ணெய்" என்று மட்டும்தான். நிறம் மஞ்சளும் பழுப்பும் கலந்தது.

காலி மாமா: அப்படியென்றால் இலை எண்ணெய். பட்டை எண்ணெய் வீதியோர விலைக்குக் கிடைக்காது. பல் டொக்டர் வாசம் என்று சரியாகத்தான் பிடித்திருக்கிறாய். இலை எண்ணெயில் ஏறக்குறைய முக்கால் பங்கு யூஜெனோல். கிராம்பில் இருப்பது அதுதான், பல் ஓட்டையைத் தற்காலிகமாக அடைக்கிற பசையில் இருப்பதும் அதுதான். நாம் கறுவா வாசம் என்று சொல்வது சின்னமால்டிஹைட், அது பட்டையில். வேர்ப்பட்டையை வடித்தால் கற்பூரம் தூக்கலாக வரும்.

கனடா சின்னம்மா: ஒரே மரத்திலா மூன்றும்?

காலி மாமா: ஓம், ஒரே மரம்.

அம்மா (9:31): கிராம்பும் இதுவும் ஒன்றென்றால் நல்லதாய்ப் போயிற்று. சின்னவனுக்குப் பல் முளைக்கிறது, இரவு முழுக்க அழுகை. முரசில் ஒரு துளி தடவிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

காலி மாமா: அக்கா வேண்டாம்

காலி மாமா: போத்தலை இப்போதே மூடி உயரத்தில் வையுங்கள். முரசில் ஒரு துளியும் வேண்டாம். நாம் கிராம்பைக் கடிக்கிறது வேறு, இது வேறு. 100 கிலோ இலையை வடித்தால் ஏறக்குறைய ஒரு கிலோ எண்ணெய்தான் வரும். அவ்வளவு இலையின் காரமும் அதற்குள் இருக்கிறது. கிராம்பு எண்ணெயை ஒன்றிரண்டு தேக்கரண்டி குடித்துவிட்ட சிறு பிள்ளைகளுக்கு ஈரல் பழுதான சம்பவங்கள் வைத்திய சஞ்சிகைகளில் பதிவாகியிருக்கின்றன. இதிலும் அதே யூஜெனோல்தான்.

அம்மா: ஐயோ. நேற்று முழங்காலில் ஒன்றும் கலக்காமல் அப்படியே தடவினேன். எரிந்தது, சிவந்தும் போனது. நோவு இறங்குகிறது என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

காலி மாமா: நோவு இறங்கவில்லை அக்கா, தோல் புண்படுகிறது. சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். இனித் தடவுவதென்றால் 100 பங்கு தேங்காய் எண்ணெயில் ஒரு பங்குகூடச் சேரக்கூடாது. சிவப்பு ஆறும்வரை அதையும் தொட வேண்டாம். நாளைக்கும் குறையாவிட்டால் டொக்டரிடம் காட்டுங்கள்.

அண்ணா (9:58): வீட்டுக்கு வந்துவிட்டேன். போத்தல் அலுமாரியின் மேல்தட்டில். மாமா, அது இருந்த இடத்தில் மேசையின் வார்னிஷ் வட்டமாக இளகியிருக்கிறது. படம் அனுப்புகிறேன்.

அம்மா: மேசைக்கே இப்படி. நல்ல காலம் கேட்டேன். சின்னவனுக்குக் குளிர்ந்த கரண்டியைக் கொடுத்திருக்கிறேன், கடித்துக்கொண்டிருக்கிறான்.

கனடா சின்னம்மா: தம்பி, இவ்வளவு காரமான எண்ணெயை யார் வாங்குகிறார்கள்?

காலி மாமா: சவர்க்காரம், வாசனைத் திரவியம், உணவுக்கு வாசனை சேர்ப்பவர்கள். முன்பு இதிலிருந்து யூஜெனோலைப் பிரித்து, வனிலா வாசம் தரும் வனிலின்கூடச் செய்தார்கள். அளவோடு கலந்தால் அருமையான பொருள்.

காலி மாமா: கரந்தெனியப் பக்கம் மழைக்குப் பிறகு வந்து பாருங்கள். கொழுந்து முற்றியதும் பட்டை இலகுவாகக் கழரும், அப்போது கம்பு வெட்டுவார்கள். உரிப்பதற்கு முன்பு நுனியும் இலையும் கழிப்பார்கள். அந்த இலையை மூன்று நான்கு நாள் வாடவிட்டு, பெரிய தொட்டியில் மிதித்து அடைத்து, அடியிலிருந்து நீராவி விடுவார்கள். பட்டை உரித்த கறுவாக் கம்புதான் அடுப்புக்கு விறகு. ஆவி குளிர்ந்து தண்ணீரும் எண்ணெயுமாக வரும். மற்ற எண்ணெய்கள் பெரும்பாலும் மேலே மிதக்கும், இது அடியில் போய் இருக்கும். தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்த புதிதில் நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கலங்கிய தண்ணீருக்குள் மஞ்சள் மணிகள் ஒவ்வொன்றாக இறங்கும்.

நான் (10:20): இப்போது ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு துளி விட்டேன். நேரே அடிக்குப் போய்விட்டது!

காலி மாமா: நல்லது. பாரமில்லாத எண்ணெய் எதையும் பெரிதாகக் கலக்கவில்லை. ஆனால் இலையா பட்டையா என்று தண்ணீர் சொல்லாது, பட்டை எண்ணெயும் அடிக்குத்தான் போகும். அதை உன் மூக்குத்தான் சொன்னது.

காலி மாமா: ஒரு தடவை பட்டை எண்ணெய் என்று எங்களுக்கு வந்த பீப்பாயில் பாதிக்கு மேல் இலை எண்ணெய். யூஜெனோல் அளவு காட்டிக்கொடுத்தது. கேட்டதற்கு, இரண்டும் கறுவாதானே என்றார் விற்றவர். அந்தப் பதில் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. 2022இல் "சிலோன் சினமன்" என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் காப்புக் கிடைத்தது, இலங்கைக் கறுவாவுக்கு மட்டும்தான் அங்கே அந்தப் பெயர். பட்டையின் பெயரைக் காக்க அவ்வளவு பாடுபட்டோம். போத்தலில் "இலை" என்று இரண்டு எழுத்து எழுதுவதில் என்ன குறை? எழுதியிருந்தால் அக்கா முழங்காலில் தடவ முன் என்னிடம் கேட்டிருப்பார்.

அம்மா: கேட்டிருப்பேன்.

கனடா சின்னம்மா: இங்கே என்னிடம் இருக்கிற போத்தலில் "காசியா இலை, சீனா" என்று இருக்கிறது. அதுவும் பல் டொக்டர் வாசமா?

காலி மாமா: இல்லை அக்கா, அது வேறு மரம். அதன் இலையை வடித்தாலும் சின்னமால்டிஹைட்தான் கூட. தோலை இன்னும் மோசமாகப் பிடிக்கும். கவனம்.

நான் (10:41): என் போத்தலில் பேனாவால் எழுதி ஒட்டிவிட்டேன்: "கறுவா இலை எண்ணெய். தண்ணீருக்கு அடியில் போகும். பிள்ளைகளுக்கு இல்லை." மாமா, சின்னப் பிளாஸ்டிக் போத்தலுக்கு மாற்றலாமா?

காலி மாமா: வேண்டாம், சில பிளாஸ்டிக்கை இது இளக்கிவிடும். கடும் நிறக் கண்ணாடியில், வெயில் படாமல் வை.

அண்ணா: அம்மாவின் போத்தலிலும் அதையே எழுதிவிட்டேன்.

அம்மா (மாலை 6:05): சிவப்புக் குறைந்திருக்கிறது. சின்னவன் நித்திரை.