பிளம்ஸ் ஒயினைப் போத்தலில் அடைக்கலாமா?

நண்பர்களே, ஒன்டாரியோ பிளம்ஸ் பழத்தில் வீட்டிலேயே போட்ட ஒயின் இது. நொதித்தல் முடிந்துவிட்டது, ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) சில வாரங்களாக 0.996-லேயே நிற்கிறது. வண்டலை அடியில் விட்டு இருமுறை வேறு குடுவைக்கு மாற்றியாயிற்று. பகல் வெளிச்சத்தில் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் இருட்டறையில் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் ஒளிக்கற்றை உள்ளே மங்கலாகத் தெரிகிறது. பழத்தைக் கொதிக்கவைக்கவில்லை, பெக்டினை (ஒயினைக் கலங்கவைக்கக்கூடிய பழப் பசைப்பொருள்) கரைக்கும் நொதியும் தொடக்கத்திலேயே சேர்த்தேன். அதனால் புரதக் கலங்கலாக இருக்குமோ என்று சந்தேகம். பெண்டோனைட் (புரதத்தைப் பிடித்து அடியில் படியவைக்கும் களிமண்) போடலாமா, குளிர்ந்த நிலவறையில் இன்னும் சில மாதம் விடலாமா? வடிகட்டினால் பழ மணம் குறைந்துவிடுமோ என்று பயம். அந்த மணத்துக்காகத்தான் இத்தனை பாடும். போத்தலில் அடைத்த பிறகு வண்டல் கண்டவர்கள், அடைக்கும்போது டார்ச் ஒளியில் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.