11 வயசு மகள்: ராத்திரி கால் வலி, காலையில் சோர்வு. வளர்த்தியா, ரத்தக் குறைவா?

கொழிஞ்சாம்பாறை_அம்மா:
மகள் தமிழ் மீடியம், ஆறாம் வகுப்பு. இந்த வருஷம் மளமளவென்று உயர்ந்துவிட்டாள். ராத்திரி கெண்டைக்கால் வலி என்கிறாள், காலையில் எழுப்பினால் எழுவதில்லை. ஸ்கூலில் வாராவாரம் தரும் நீல மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று ஒளித்து வைக்கிறாள். நிறுத்திவிடலாமா?

சித்தூர்_சிஸ்டர்:
நிறுத்த வேண்டாம்மா. அதில் 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் இருக்கு. வெறும் வயிற்றில் போட்டால் புரட்டத்தான் செய்யும். மத்தியானச் சோறு முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கட்டும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துபவர்கள்தான் அதிகம். அது வெளியேறும் இரும்பு, வேறொன்றுமில்லை.

பெரிய எதிரி கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ). தேயிலையில் உள்ள டானின் இரும்பை உடம்பில் சேர விடாது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சாயா கூடாது. முருங்கைக்கீரை பொரியலில் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள், நெல்லிக்காயும் நல்லது. பூச்சி மாத்திரையை (ஆல்பெண்டசோல் 400 மி.கி.) மென்று தின்னச் சொல்லுங்கள்.

வாரம் ஒன்று என்பது ரத்தக் குறைவு வராமல் தடுக்கத்தான். ஒரு தடவை ஹீமோகுளோபின் பாருங்கள். 11 வயது வரை 11.5-க்குக் கீழே, 12 முதல் 14 வரை 12-க்குக் கீழே என்றால் ரத்தக் குறைவு; அதற்கு வார மாத்திரை போதாது, டாக்டர் தினசரி டோஸ் எழுதுவார். குடும்பத்தில் சிக்கிள் செல், தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்த நோய்கள்) இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிக்கிள் செல் அதிகம் காணப்படும் அட்டப்பாடிப் பக்கத்துச் சொந்தம் உள்ளவர்கள் இதை மறக்கக் கூடாது.

வேலந்தாவளம்_பிசியோ:
கால் வலி ரெண்டு காலிலும், ராத்திரி மட்டும் வந்து, காலையில் ஓடியாடினால் பயமில்லை. வளர்ச்சி வலி என்று பெயர்தான். எலும்பு நீள்வதால்தான் வருகிறது என்று நிரூபணமாகவில்லை. வெந்நீர் ஒத்தடம், இதமாகத் தேய்த்துவிடுவது போதும். படுக்கும் முன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் 30 விநாடி நிற்கட்டும், காலுக்கு மூன்று தடவை.

ஒரே காலில் வலி, நொண்டல், வீக்கம், காய்ச்சல், காலையிலும் விடாத வலி: இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

உயரத்தை மூணு மாசத்துக்கு ஒருக்கா அளந்தால் போதும். செருப்பில்லாமல் குதிகால் சுவரை ஒட்டி நிற்க, தலைமேல் தடிப் புத்தகம் வைத்துக் கோடு போடுங்கள். வேகமாக வளரும் கட்டத்தில் பெண் பிள்ளை வருஷத்துக்கு 8 செ.மீ. போல வளரும். மார்பு அரும்பி ஏறத்தாழ ரெண்டு, ரெண்டரை வருஷத்தில் மாதவிடாய் வரும். பேட் வைப்பதை இப்போதே சொல்லிக் கொடுங்கள். வயசுக்கு வந்தால் வளர்த்தி நின்றுவிடும் என்பார்கள் ஊரில். அப்புறமும் 5–7 செ.மீ. வளர்வதுதான் வழக்கம்.

மீனாட்சிபுரம்_மாஷ்:
தூக்கத்தை யாரும் கேட்கவில்லையே! 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். 6 மணிக்கு எழ வேண்டுமென்றால் 9-க்குக் கண் மூடியிருக்கணும். ட்யூஷன் முடிந்து எட்டரைக்கு வந்து, போனோடு படுத்தால் எப்படி எழுவாள்? ஒரேயடியாக மாற்றாதீர்கள். மூணு நாளைக்கு ஒருக்கா 15 நிமிஷம் என்று படுக்கும் நேரத்தை முன்னே கொண்டுவாருங்கள், போன் சார்ஜர் அடுக்களையில் இருக்கட்டும். ஞாயிறன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்க விட வேண்டாம், திங்கள் காலை திரும்பப் பழைய கதைதான்.

கொழிஞ்சாம்பாறை_அம்மா:
நாலு மணிக்கு ஸ்கூல் விட்டு வந்ததும் ஒரு கட்டன் குடிப்பாளே சிஸ்டர்?

சித்தூர்_சிஸ்டர்:
மாத்திரை ஒரு மணிக்கே போயிருந்தால் இரும்புக்குத் தடையில்லை. அரை டம்ளர், லைட்டாக. ஆறு மணிக்கு மேல் மட்டும் கொடுக்காதீர்கள், மாஷ் சொன்ன தூக்கம் கெடும்.