சுண்டெலிக்கு வலிப்பு வரும்போது இஇஜி: வயரா, வயர்லெஸ்ஸா?

லாஸ்பேட்டை பார்மா:
புதுச்சேரியில் எம்.பார்ம் படிக்கிறேன். சுண்டெலிக்கு வலிப்பை உண்டாக்கும் கயினிக் அமிலம் போட்டு, சில வாரம் கழித்துத் தானாக வரும் வலிப்பை இஇஜியில், அதாவது மூளையின் மின் அலைகளாக, ராப்பகலாகப் பதிவு செய்ய வேண்டும். லேபில் வயர் செட்டப்தான். எலி உதறித் துள்ளினால் வயர் முறுக்கிக்கொள்கிறது, ஒன்றுக்குத் தலையில் வைத்த எலக்ட்ரோடு, அதை ஒட்டிய பல் சிமெண்டோடு பெயர்ந்தே வந்துவிட்டது. வயர்லெஸ் வாங்கலாம் என்கிறார் கைடு. 25 கிராம் எலி அதைத் தாங்குமா?

முத்தியால்பேட்டை:
தாங்கும் தம்பி. சுண்டெலிக்கென்றே 2 கிராம் அளவில் டிரான்ஸ்மிட்டர் வருகிறது. முதுகுத் தோலுக்கு அடியில் வைத்து, அங்கிருந்து மெல்லிய கம்பியைத் தோலுக்குள்ளேயே தலைவரை இழுத்து, மண்டையோட்டில் போட்ட குட்டி ஸ்க்ரூவில் மாட்டுவார்கள். கூண்டுக்கு அடியில் இருக்கும் ரிசீவர் பலகை சிக்னலை வாங்கிக்கொள்ளும். வெளியே எதுவும் தொங்காததால் அது பாட்டுக்கு ஓடும், தூங்கும், கூடு கட்டும். ஆபரேஷன் முடிந்ததும் தேற நாள் கொடுங்கள், தினமும் எடை பாருங்கள். பதிவு இல்லாத நேரத்தில் காந்தத்தை வைத்து ஆஃப் செய்துவிடுங்கள், உள்ளே இருக்கும் பேட்டரியை நினைத்தபோது மாற்ற முடியாது.

மஞ்சக்குப்பம்:
எடை சரி, அதைவிட முக்கியம் சாம்பிளிங் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை முறை சிக்னலை அளக்கிறது என்பது. வாங்குவதற்கு முன் அதைக் கேளுங்கள். நொடிக்கு 250 சாம்பிள் என்றால் கணக்குப்படியே 125 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் தெரியாது. வலிப்பு எத்தனை, எவ்வளவு நேரம் என்று எண்ண அது தாராளம். ஆனால் வலிப்பு கிளம்பும் இடத்தில் வரும் 250 முதல் 500 ஹெர்ட்ஸ் வேக அலைகள் வேண்டுமென்றால் 2000 சாம்பிளாவது வேண்டும், அதற்கு ஏற்றபடி பேட்டரியும் சீக்கிரம் தீரும். அந்த வேலைக்கு நான் வயரைத்தான் சொல்வேன், கூடவே எலி திரும்பும்போது தானும் சுழலும் நல்ல கனெக்டர் போட்டு. எல்லாரும் வயர்லெஸ் என்கிறார்கள் என்று காசைக் கொட்ட வேண்டாம்.

முத்தியால்பேட்டை:
ஒத்துக்கொள்கிறேன். அப்புறம், எதுவானாலும் வீடியோ கட்டாயம். எலி சொறிந்தாலும் கொறித்தாலும் சீரான அலை வரும், சாப்ட்வேர் அதையும் வலிப்பு என்று குறித்துவிடும். வலிப்பு எவ்வளவு கடுமை என்று அசைவை வைத்துக் கணக்கிடும் ராசின் ஸ்கோர் போடவும் எலியைப் பார்த்தாக வேண்டுமே. இருட்டில்தான் அதிகம் நடமாடும், அதனால் இன்ஃப்ராரெட் கேமரா. கேமராவும் இஇஜியும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம்ம ஊர் கரண்ட் தெரியும்தானே, கம்ப்யூட்டரோடு ரிசீவருக்கும் சேர்த்து யுபிஎஸ் போடுங்கள்.

லாஸ்பேட்டை பார்மா:
நன்றி அண்ணா. எங்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான் வேண்டும், அப்போ 250 போதும். எத்திக்ஸ் கமிட்டிக்கு இந்த ஆபரேஷனைத் தனியாக எழுத வேண்டுமா?

மஞ்சக்குப்பம்:
கண்டிப்பாக. மயக்க மருந்து, வலி மருந்து, எடை எவ்வளவு குறைந்தால் நிறுத்துவீர்கள் என்பது வரை எழுதுங்கள். அனுமதி கையில் வந்தபிறகு ஆர்டர் போடுங்கள்.