செவ்வாய் கிரகத்தில் தோளில் வைத்துச் சுடும் ஆயுதம்: ரெயில்கன்னா, ராக்கெட்டா?

செங்கதிர்:
என் நாவல் செவ்வாயின் வாலஸ் மரினரிஸ் பள்ளத்தாக்கில் நடக்கிறது. சுரங்கத் தொழிலாளர்கள் கலகம் செய்ய, கம்பெனி கவச வண்டிகளை அனுப்புகிறது. தொழிலாளர்களுக்குத் தோளில் வைத்துச் சுடும் ரெயில்கன் (இரண்டு உலோகத் தண்டவாளங்களுக்கு நடுவே மின்சாரத்தால் குண்டைத் தள்ளும் துப்பாக்கி) கொடுத்திருக்கிறேன். அரை கிலோ உலோகக் கம்பி, நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகம். மின்சாரம்தான் தள்ளுகிறது, அதனால் பின்னுதைப்பு கிடையாது. குறை இருந்தால் சொல்லுங்கள்.

மாறன்:
பின்னுதைப்பு கிடையாது என்பதை ஏற்கவே முடியாது. வெடிமருந்தோ மின்சாரமோ, முன்னே போகும் உந்தத்துக்குச் சமமானது பின்னே வந்தே தீரும். அரை கிலோவை 2000 மீட்டர் வேகத்தால் பெருக்கினால் 1000. விண்வெளி உடையோடு 150 கிலோ உள்ள ஆள் நொடிக்கு ஆறரை மீட்டருக்கு மேலான வேகத்தில் பின்னால் போய் விழுவார். செவ்வாயில் ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம்தான், காலுக்குப் பிடிப்பும் குறைவு. தோளில் வைத்து ராக்கெட் ஏவும் குழாய்களான, 1942-ல் வந்த பசூக்காவும் 1961-ல் வந்த ஆர்பிஜி-7-ம் தோளை உடைக்காததற்குக் காரணம் குழாயின் பின்பக்கம் திறந்திருப்பதுதான்; வாயு அந்த வழியே பின்னால் போய்விடும். பேசாமல் ராக்கெட்டுக்கு மாறுங்கள்.

செங்கதிர்:
பின்னுதைப்பு பற்றிச் சொன்னது சரி. ஆனால் ராக்கெட்? செவ்வாயின் காற்று பூமியில் இருப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் அடர்த்தி. வால் துடுப்புகள் எதைப் பிடித்து நிலைப்படுத்தும்? வேகமும் குறைவு. வந்துகொண்டிருக்கும் ராக்கெட்டை நடுவழியிலேயே அடித்து வீழ்த்தும் கருவி இன்றைய இஸ்ரேலிய டாங்கிகளிலேயே இருக்கிறது.

மாறன்:
துடுப்புக்குப் பதில் பக்கவாட்டில் சின்னச் சின்ன வாயுத் தாரைகள் வையுங்கள். உங்கள் பெரிய சிக்கல் வேறு. அந்தக் கம்பிக்கு மட்டும் 10 லட்சம் ஜூல் வேண்டும். பேட்டரியில் அவ்வளவு சேமிக்கலாம், ஆனால் கண்ணிமைக்கும் முன் கொட்டித் தீர்க்க கெப்பாசிட்டர் வேண்டுமே. இன்றைய கெப்பாசிட்டர் என்றால் நூற்றுக்கணக்கான கிலோ! அமெரிக்கக் கடற்படை கப்பலில் பொருத்தப் பார்த்த ரெயில்கன் ஆய்வையே 2021-ல் நிறுத்திவிட்டது. ஒரு சுரங்கத் தொழிலாளி அதைத் தோளில் சுமப்பார் என்று எப்படி நம்புவது?

யாழினி:
இரண்டு பேரும் சுரங்கத்தை மறந்துவிட்டீர்கள். காற்று நிரப்பிய சுரங்கப் பாதைக்குள் ராக்கெட்டைச் சுட்டால், பின்னால் நிற்கும் தோழர்களையே அந்தப் பின்வீச்சு கொன்றுவிடும். ஜெர்மனியின் ஆர்ம்ப்ரஸ்ட் என்ற டாங்கி எதிர்ப்பு ஆயுதம் பின்பக்கமாகப் பிளாஸ்டிக் துகள்களைத் தள்ளி இதைச் சமாளித்தது. ஏடி-4 என்ற இன்னொரு தோள் ஆயுதத்தின் ஒரு வகையில் அதற்கு உப்புநீர். உங்கள் ஆட்களுக்குச் செவ்வாயின் சிவப்புத் தூசு எங்கும் கிடைக்கிறதே! ரெயில்கன்னின் பின்னால் 10 கிலோ தூசை நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் தள்ளினால் அதுவும் 1000. கணக்கு நேராகிவிடும்.

செங்கதிர்:
இது அருமை. கெப்பாசிட்டரைத் தாது வண்டியில் ஏற்றி, கேபிள் இழுத்துக்கொள்ளலாம்.

மாறன்:
கேபிள் இருந்தால் அது பதுங்கித் தாக்கும் ஆயுதம், ஓடிக்கொண்டே சுட முடியாது. அப்புறம், 10 கிலோ தூசு பின்பக்கம் வெடித்துக் கிளம்பினால் வெளியில் பல கிலோமீட்டருக்குத் தெரியும். இடம் காட்டிக்கொடுக்கப்பட்ட மறுநிமிடமே அடி விழும். நான் இன்னும் ராக்கெட் பக்கம்தான்.

செங்கதிர்:
அதனாலேயே ரெயில்கன்னை வைத்துக்கொள்கிறேன். ஒரு முறைதான் சுட முடியும், சுட்டதும் கேபிளை அறுத்துவிட்டு ஓட வேண்டும். நான்காம் அத்தியாயத்தை இந்தக் கட்டுப்பாட்டோடு திருத்தி எழுதுகிறேன். மாறன் அண்ணா, தூசு அடங்க எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் கணக்குப் போட்டுத் தாருங்கள்.